பொது இயந்திரம் யாருக்கு?

அவிசாவளைப் புகையிரத நிலையத்துக்கு அப்பால் இன்று தண்டவாளம் இல்லை. ஒரு காலத்தில் அங்கிருந்து இரண்டு பாதைகள் பிரிந்து சென்றன. ஒன்று தெஹியோவிற்றை, கரவனெல்லை வழியாக எட்டியாந்தோட்டைக்கு. மற்றது எகலியகொடை, குருவிற்றை, இரத்தினபுரி வழியாக ஓப்பநாயக்கைக்கு. இரண்டரை அடி அகலமே கொண்ட அந்தச் சிறு பாதையில் மலைகளைச் சுற்றி ஊர்ந்து சென்ற வண்டியைப் பற்றிச் சப்ரகமுவையின் முதியோர் இன்றும் கதை சொல்வார்கள். எட்டியாந்தோட்டைக் கிளையை இரண்டாம் உலக யுத்த காலத்தில் பெயர்த்தெடுத்தார்கள். ஓப்பநாயக்கைக் கிளை 1970களில் மூடப்பட்டது. தண்டவாளம் கிடந்த இடங்களில் இன்று வாழைமரமும் வீட்டுத் தோட்டமும் நிற்கின்றன.

இந்தப் பாதையைப் போட்டது அரசாங்கம். அதாவது பொதுப் பணம். அவிசாவளைக்கு 1902இலும், எட்டியாந்தோட்டைக்கு 1903இலும், இரத்தினபுரிக்கு 1912இலும், ஓப்பநாயக்கைக்கு 1919இலும் வண்டி ஓடத் தொடங்கியது. ஏன் அந்த ஊர்களுக்கு? தேயிலைப் பெட்டிகளையும் இறப்பர்ப் பொதிகளையும் மாட்டு வண்டியில் ஏற்றிக் களனிக் கரைக்குக் கொண்டுபோய், அங்கிருந்து தோணியில் கொழும்புக்கு அனுப்பிக்கொண்டிருந்த தோட்டத்துரைமாருக்கு அது செலவாகவும் தாமதமாகவும் பட்டது. அவர்களுடைய சங்கங்கள் கேட்டன; அரசாங்கம் கொடுத்தது. அந்த அரசாங்கத்தின் திறைசேரிக்குப் பணம் வந்த வாயில்களில் ஒன்று இறக்குமதி அரிசி மீது விதித்த தீர்வை. அந்த அரிசியை உண்டு வாழ்ந்தவர் யார்? தென்னிந்தியாவிலிருந்து வந்து லயக் காம்பராவில் குடியேறிய தொழிலாளர். ஆகவே ஒவ்வோர் அரிசிப் படியிலும் அவர்கள் புகையிரதப் பாதைக்குத் தம் பங்கைக் கொடுத்தார்கள். ஆனால் அவர்களில் பலர் இந்த நாட்டுக்கு வந்த விதம் வேறு. 1900களின் தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த தகரத்துண்டு முறைப்படி, போய்ச்சேர வேண்டிய தோட்டத்தின் இலக்கம் பொறித்த தகரத்தை அணிந்துகொண்டு, அந்த இலக்கத்தின் பேரிலேயே ஏற்றி இறக்கப்பட்டார்கள். தேயிலைப் பெட்டிக்கும் ஒரு முத்திரை, ஆளுக்கும் ஒரு முத்திரை.

பழங்கதை பேசுவதற்காக இதை எடுத்துக்கொள்ளவில்லை. இன்று உலகத்து அரசாங்கங்கள் பலவும் பொதுப் பணத்தைக் கொண்டு ஒரு புதுவிதப் பாதையைப் போடத் தொடங்கியுள்ளன. செயற்கை நுண்ணறிவு ஆராய்ச்சிக்கென்று பெருங் கணினிக் கூடங்களை ஏற்படுத்தி, பல்கலைக்கழகங்களுக்கும் புதிதாகத் தொழில் தொடங்கும் சிறு நிறுவனங்களுக்கும் குறைந்த வாடகைக்கோ இலவசமாகவோ பகிர்ந்து கொடுப்பதே அந்தத் திட்டம். நல்ல திட்டம்தான். ஆனால் சப்ரகமுவையின் தோட்டப்புறத்திலிருந்து பார்ப்பவனுக்கு அவிசாவளைத் தண்டவாளம் நினைவுக்கு வராமல் இராது.

நம் பகுதியின் வரலாற்றில் பொது இயந்திரம் என்ற கருத்துக்கு ஒரு பெரிய உதாரணம் உண்டு. அது மின்சாரம். பொதுவேலைப் பகுதியில் எஞ்சினியராக இருந்த டி. ஜே. விமலசுரேந்திர, 1918இல் இலங்கை எஞ்சினியர் சங்கத்தில் ஒரு கட்டுரை படித்தார். மலைநாட்டு ஆறுகளின் வீழ்ச்சியிலிருந்து விசை எடுத்தால், நாட்டின் தொழில்களுக்கும் வீடுகளுக்கும் அது போதும் என்பது அவருடைய கணக்கு. அன்றைய ஆட்சியாளர் அதைக் கனவு என்று ஒதுக்கினர். 1920களில் தொடங்கிய வேலையும் இடையில் நின்றுபோயிற்று. சர்வசன வாக்குரிமையின் கீழ் 1931இல் நடந்த முதலாவது அரசாங்க சபைத் தேர்தலில் அவர் போட்டியிட்டு வென்ற தொகுதி எது தெரியுமா? இரத்தினபுரி. விஞ்ஞானக் கணக்கு ஒன்றை மக்கள் சபையில் வாதாடுவதற்காக ஓர் எஞ்சினியர் நம் மாவட்டத்தின் வாக்கைப் பெற்றுச் சென்றார் என்பது சப்ரகமுவை பெருமைப்பட வேண்டிய செய்தி. நம் பாடப் புத்தகங்கள் அவரை நீர்மின் தந்தை என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகின்றன.

இலக்சபானை நிலையம் 1950இல் விசை தரத் தொடங்கியது. அங்கே சுழலியைச் சுற்றிவிட்டு இறங்கும் தண்ணீர்தான் களனியாகக் கித்துல்கலையையும் எட்டியாந்தோட்டையையும் தழுவிக் கேகாலை மாவட்டத்தினூடே கீழே இறங்குகிறது. விசையைச் சுமந்த கம்பியோ மலைகளுக்கு மேலாகக் கொழும்பை அடுத்த கொலன்னாவைக்குப் போயிற்று. தேயிலைத் தொழிற்சாலைக்கு விளக்கு வந்தது, துரையின் பங்களாவுக்கு வந்தது, லயத்துக்கு வரவில்லை. கம்பிக்குக் கீழே குப்பி விளக்கு வைத்துப் படித்த தலைமுறைகள் ஒன்றல்ல, இரண்டல்ல.

ஏன் வரவில்லை என்று கேட்டால், பணமில்லை என்ற விடை போதாது. இலக்சபானை விசை தருவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர், 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் நிறைவேறியிருந்தது. தொடர்ந்து வாக்குரிமையும் பறிபோயிற்று. வாக்கில்லாதவன் வாசலுக்குக் கம்பி இழுக்கும்படி எந்தச் சபையில் யார் கேட்பது? 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் அந்த மக்களை இரு நாடுகளுக்கும் எண்ணிக்கையாகப் பங்கிட்டது. எஞ்சியோரின் குடியுரிமைப் பிரச்சினையைத் தீர்க்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. விசை இயந்திரம் பொதுவானதாக இருந்தது. பொது என்ற சொல்லுக்குள் யார் அடங்குவர் என்பதைச் சட்டம் முன்கூட்டியே தீர்மானித்துவிட்டது. சப்ரகமுவையில் இக்கொடுமை இன்னும் கூடுதலாக உறைத்தது. நுவரெலியாவைப் போலத் தோட்டத் தமிழர் இங்கே பெருந்தொகையாகச் செறிந்து வாழவில்லை. இறக்குவானைக்கும் தெரணியகலைக்கும் இடையே சிங்களக் கிராமங்களின் நடுவே தீவுத்தீவாகச் சிதறிக் கிடந்தார்கள். வாக்குரிமை திரும்பிய பின்னரும் அவர்களுடைய குரல் தனியே கேட்கும் அளவுக்குத் திரளவில்லை.

மின்சாரத்தைவிடக் கணினிக் கூடத்துக்கு நெருங்கிய ஒப்புமை தேயிலை ஆராய்ச்சி நிலையமாகும். அதன் பிறப்புக்கு ஒரு பேரழிவு காரணம். 1869இல் இலங்கைக் கோப்பித் தோட்டங்களில் இலைத்துரு நோய் தோன்றியது. அதன் தன்மையை ஆராய்வதற்கு 1880இல் மார்ஷல் வார்ட் என்ற இளம் விஞ்ஞானியை வரவழைத்தார்கள். அவர் நோயின் மூலத்தைச் சரியாகக் கண்டறிந்தார்; ஆனால் காலம் கடந்துவிட்டது. கோப்பி அழிந்தது. துரைமார் தேயிலைக்கு மாறினார்கள்; கோப்பித் தோட்டத்துக் கூலியின் பாக்கியையோ பட்டினியையோ யாரும் ஆராயவில்லை. இந்தப் பாடத்தைக் கற்ற பின், தனித்தனித் தோட்டம் ஒவ்வொன்றும் ஒரு விஞ்ஞானியை வைத்துக்கொள்ள இயலாது, எல்லோருக்கும் பொதுவாக ஓர் ஆய்வுகூடம் வேண்டும் என்ற முடிவுக்கு வந்து, 1925இல் சட்டம் இயற்றித் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தை நிறுவினார்கள். ஏற்றுமதியாகும் தேயிலை மீது விதித்த செஸ் வரியே அதற்கு வருமானம். தலைமையகம் தலவாக்கலையில், தாழ்நாட்டுத் தேயிலைக்கான கிளை நம் இரத்தினபுரியில், சென்ற் ஜோக்கிம் தோட்டத்தில்.

இந்த நிலையம் உண்மையிலேயே வேலை செய்தது. 1946இல் கொப்புள நோய் இலங்கைத் தேயிலையைத் தாக்கியபோது கோப்பியின் கதி திரும்பவில்லை. மருந்தும் முறையும் கையில் இருந்தன. நிலையத்தார் தேர்ந்தெடுத்துப் பெருக்கிய செடி வகைகள் விளைச்சலை உயர்த்தின. ரீ.ஆர்.ஐ. 2025 என்பது அவற்றுள் ஒன்று. அது ஆண்டன்று, செடியின் இலக்கம். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பொதுப் பணத்தில் அமைந்த விஞ்ஞானக் கூடம் பயன் தரும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

ஆனால் பயன் எங்கே போயிற்று? பழைய விதைத் தேயிலை நின்ற மலையில் புதிய செடி வந்தது; கொழுந்து அதிகமாகத் துளிர்த்தது; உடனே ஒரு நாட் பேருக்குப் பறிக்க வேண்டிய கிலோவும் ஏறிற்று. குறைந்தால் அரைப் பேர். செஸ் வரியின் மூலம் ஆராய்ச்சிக்குச் செலவிட்ட பணம் பறித்த கையிலிருந்து பிறந்தது. அவ்வாராய்ச்சியின் பலன் அந்தக் கைக்குக் கூடுதல் பாரமாகத் திரும்பி வந்தது. நிலையத்தின் சபையில் பல காலம் அமர்ந்தவர்கள் தோட்டச் சொந்தக்காரரின் பிரதிநிதிகள். கொழுந்து பறிப்பவளின் முதுகுவலியைக் குறைக்கும் ஆராய்ச்சியை முதல் இலக்கமாக வைக்க அவர்களுக்கு என்ன தேவை இருந்தது?

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் இன்று கொழுந்தின் பெரும்பகுதியைத் தருபவர்கள் சிறுதோட்ட உடைமையாளர்கள். அவர்களிடம் தொழிற்சாலை இல்லை. பறித்த கொழுந்து சில மணித்தியாலத்துக்குள் தொழிற்சாலையைச் சேராவிட்டால் வெம்பிக் கருகிவிடும். ஆகவே கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டு வர வேண்டியதுதான். இங்கேதான் அரசாங்கம் தலையிட்டது. விற்பனை வருமானத்தில் 68 சதவீதம் கொழுந்து கொடுத்தவருக்கு, 32 சதவீதம் தொழிற்சாலைக்கு என்ற கணக்கு ஏற்பட்டது. அந்தக் கணக்கிலும் திருகுதாளங்கள் உண்டு. தண்ணீர்க் கழிவு என்று தராசடியில் வெட்டுவது எல்லோரும் அறிந்தது. இருந்தாலும் ஒரு தத்துவம் நிலைநாட்டப்பட்டது: இயந்திரம் வைத்திருப்பவன் மட்டும் விலையைத் தீர்மானிக்கக் கூடாது.

இனிக் கணினிக்கு வருவோம்.

செயற்கை நுண்ணறிவு என்று இன்று பேசப்படுவதன் உள்ளே நடப்பது பெரும்பாலும் பெருக்கலும் கூட்டலும்தான். ஆனால் எண்ணிக்கை கோடி கோடியாகப் போகும். விளையாட்டுப் படங்களை வேகமாகத் திரையில் வரைவதற்கென்று செய்யப்பட்ட வரைகலைச் செயலிகள், பல்லாயிரம் பெருக்கல்களை ஒரே வேளையில் செய்யக்கூடியவை என்பதால் இந்த வேலைக்கு வாய்ப்பாக அமைந்தன. 2012இல் கனடாவின் தொறன்ரோப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மூவர், கடையில் வாங்கக்கூடிய இரண்டே இரண்டு செயலிகளைக் கொண்டு, படங்களை இனங்காணும் போட்டியில் உலகத்தை வியக்க வைத்தார்கள். அந்த வேலைக்கு ஒரு மாணவனின் அறை போதுமாயிருந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2024இல், அமெரிக்காவின் மேட்டா கம்பெனி தன் மொழி மாதிரி ஒன்றைப் பயிற்றுவிக்க 16,000க்கும் மேற்பட்ட உயர்தரச் செயலிகளைப் பயன்படுத்தியது. பல்கலைக்கழகத்தின் அறையில் பிறந்த விஞ்ஞானம் பல்கலைக்கழகத்தின் கைக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. கைத்தறி நெய்தவனிடமிருந்து மில்லுக்குத் தறி போன கதை, இம்முறை பன்னிரண்டு ஆண்டுக்குள் நடந்து முடிந்தது.

ஆகவேதான் அரசாங்கங்கள் விழித்துக்கொண்டன. அமெரிக்காவில்கூட, தேசிய விஞ்ஞான மன்றத்தின் தலைமையில் 2024 ஜனவரியில் ஆராய்ச்சியாளருக்கான பொதுக் கணிப்பு வளத் திட்டமொன்று பரீட்சார்த்தமாகத் தொடங்கியது. ஐரோப்பிய நாடுகள் கூட்டாகச் சேர்ந்து பெருங்கணினிகளை வாங்கிப் பகிர்கின்றன. இந்திய அமைச்சரவை 2024 மார்ச்சில் ஐந்தாண்டுக்கு ஏறக்குறைய 10,372 கோடி ரூபா செலவில் செயற்கை நுண்ணறிவு இயக்கம் ஒன்றுக்கு அனுமதி அளித்தது. பத்தாயிரம் செயலிகள் என்பது முதலில் வகுத்த இலக்கு. 2025இல் அத்தொகை முப்பத்து நாலாயிரத்தைத் தாண்டியதாக அறிவித்தார்கள். ஒரு செயலியின் ஒரு மணித்தியால வாடகை சராசரி 65 இந்திய ரூபா என்றும் சொல்லப்பட்டது.

இந்தியாவுக்கு இந்த எண்ணம் புதிதன்று. பம்பாயிலுள்ள தாதா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தார் தாமே ஒரு கணினியை வடிவமைத்துக் கட்டி 1960இல் இயக்கினார்கள். 1962இல் அதற்கு டிஃப்ராக் என்று பெயர் சூட்டியவர் ஜவஹர்லால் நேரு. 1964இல் அதே நிலையத்தில் சீ.டீ.சி. 3600 என்ற பெருங்கணினி நிறுவப்பட்டபோது, அது அந்த நிலையத்துக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. நாட்டின் பல பல்கலைக்கழகங்களிலும் ஆய்வுகூடங்களிலும் இருந்து ஆராய்ச்சியாளர் தம் கணக்குகளைத் துளையிட்ட அட்டைகளாகக் கொண்டுபோய்க் கொடுத்து விடையைப் பெற்றுவந்தார்கள். மேற்கு ஜெர்மனியின் உதவியோடு 1973இல் சென்னைத் தொழில்நுட்பக் கழகத்துக்கு வந்த ஐ.பி.எம். 370 கணினியும் இவ்வாறே வெளியாருக்கும் கதவைத் திறந்தது. ஓர் அட்டை இடம் மாறிவிட்டால் மறுபடி வரிசையில் நிற்க வேண்டும் என்று அக்காலத்து மாணவர் சொல்லிச் சிரிப்பார்கள். வரிசை நீண்டதுதான், ஆனால் வரிசையில் எல்லோரும் நின்றார்கள்.

இரவல் இயந்திரத்தின் ஆபத்தையும் இந்தியா பட்டறிந்தது. 1980களில் வானிலைக் கணிப்புக்காக அமெரிக்கக் கிறே கணினியை வாங்க முயன்றபோது, கேட்ட வலுவுள்ள கணினியை விற்க மறுத்து, வலுக் குறைந்த ஒன்றைப் பல நிபந்தனைகளோடு கொடுத்தார்கள். அதன் விளைவாக 1988இல் பூனாவில் சீ-டாக் நிறுவனம் தோன்றியது. 1991இல் பரம் 8000 வெளிவந்தது. இந்தப் பழைய நாடகத்தின் மறுகாட்சியை அண்மையிலும் கண்டோம். செயலிகளை எந்த நாட்டுக்கு எத்தனை விற்கலாம் என்று நாடுகளைப் படித்தரமாகப் பிரிக்கும் விதியொன்றை வாஷிங்டன் 2025 ஜனவரியில் வெளியிட்டது. அதில் இந்தியாவும் இலங்கையும் முதல் படியில் இல்லை. மே மாதத்தில் அந்த விதி கைவிடப்பட்டது. ஆனால் வால்வு யார் கையில் இருக்கிறது என்பது தெரிந்துவிட்டது.

இந்தியாவின் இன்றைய திட்டத்துக்கும் 1964இன் பம்பாய்க் கணினிக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அதை நம் ஆசிரியர்களும் மாணவர்களும் கவனிக்க வேண்டும். அன்று இயந்திரம் பொது நிறுவனத்தின் கூரைக்கு அடியில் நின்றது. இன்று செயலிகளின் பெரும்பகுதி தனியார் கம்பெனிகளுடையது. அரசாங்கம் அவற்றின் வாடகையில் 40 சதவீதம் வரை தானே செலுத்தி, பயன்படுத்துவோருக்கு விலையைக் குறைக்கிறது. இந்தச் செயலிகள் சில ஆண்டுகளிலேயே பழசாகிவிடுவதால், சொந்தமாக வாங்கிக் குவிப்பதைவிட வாடகை புத்திசாலித்தனம் என்ற வாதத்தில் நியாயம் இல்லாமலில்லை. எனினும் திட்டம் முடியும் நாளில் பொதுமக்களின் கையில் மிஞ்சுவது என்ன? தண்டவாளமாவது மிஞ்சியது, பெயர்த்தெடுப்பதற்கென்றாலும் மிஞ்சியது.

இலங்கையில் அந்த அளவுக் கணினிக் கூடம் கிடையாது. ஆனால் பகிர்ந்து வாழும் பழக்கம் நம் பல்கலைக்கழகங்களுக்கு உண்டு. லங்கா கல்வி ஆராய்ச்சி வலையமைப்பு என்ற எண்ணம் 1989இல் மொரட்டுவையில் உருவாகி, அடுத்த ஆண்டிலேயே பல்கலைக்கழகங்களுக்கு இடையே மின்னஞ்சலாகத் தொடங்கியது. நாட்டில் வர்த்தக இணையம் வருவதற்கு முந்திய காலம் அது. பெலிஹுல்ஓயாவில் 1990களின் நடுவில் தோன்றிய சப்ரகமுவைப் பல்கலைக்கழகத்துக்கு இன்று கணினிப் பீடமும் உண்டு. மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தார் அரசாங்க ஆவணங்களைச் சிங்களத்துக்கும் தமிழுக்கும் இடையே மொழிபெயர்க்கும் இயந்திர முறையொன்றைச் செய்திருக்கிறார்கள். சிறு வளத்தைக் கொண்டு செய்த பெரிய வேலை அது.

இங்கே ஓர் அனுபவம். கைத்தொலைபேசியில் வரும் செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றிடம், “அரைப் பேர் என்றால் என்ன?” என்று தமிழில் கேட்டுப் பார்த்தேன். ஒருவருடைய பெயரின் பாதி என்று மிகுந்த மரியாதையோடு விடை வந்தது. நூற்றைம்பது ஆண்டுகளாக இலட்சக்கணக்கான குடும்பங்களின் அடுப்பு எரிவதையும் அணைவதையும் தீர்மானித்த சொல் அதற்குத் தெரியவில்லை. பிழை அந்த இயந்திரத்தினுடையது மட்டும் அன்று. செக்ரோலில் எழுதிய சொற்களும், கங்காணி கொடுத்த துண்டுகளும், ஒப்பாரியும், லயத்துப் பேச்சும் யாராலும் முறையாகப் பதிந்து சேர்க்கப்படவில்லை. சேர்க்க ஒருவர் முன்வந்தாலும் அவருக்கு இயந்திரம் வேண்டும். ஒரு கணக்குப் போடுவோம். தோட்டப்புறப் பேச்சை எழுத்தாக்கும் ஒரு சிறு மாதிரியைப் பயிற்றுவிக்க எட்டுச் செயலிகள் இரண்டு நாள் ஓட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அது 384 செயலி-மணித்தியாலம். இந்தியாவின் சலுகை வாடகையே நமக்குக் கிடைத்தாலும், இந்திய ரூபா ஒன்றுக்கு இலங்கை ரூபா மூன்றரை என்று கொண்டால், ஏறக்குறைய 87,000 ரூபா. 2024 செப்ரெம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்கூலி 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அந்தக் கூலியில் அறுபத்தைந்து நாள் மலையேற வேண்டும். சந்தை வாடகை என்றால் இது இரண்டு மூன்று மடங்காகும். அதுவும் ஒரே தடவையில் கணக்குச் சரியாக வந்தால். ஆராய்ச்சியில் ஒரே தடவையில் எது சரியாக வந்திருக்கிறது?

மொழி மட்டும்தானா என்று சிலர் கேட்கக்கூடும். உயிரைப் பற்றியும் பேசுவோம். 2016 மே 17ஆம் தேதி கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கையில் மலை சரிந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டும் மறைந்தும் போயினர். அதே நாளில் புளத்கொஹுபிட்டியாவின் களுபான தோட்டத்தில் லயக் குடியிருப்பின் மீது மண் இறங்கியது. அரநாயக்கையின் பெயரை உலகப் பத்திரிகைகள் எழுதின. களுபானையின் பெயர் அவ்வளவு தூரம் போகவில்லை. லயங்கள் எங்கே கட்டப்பட்டன என்று தோட்டங்களைச் சுற்றிப் பார்த்தவர்கள் அறிவார்கள். தேயிலைக்கு உதவாத சரிவிலும் நீரோடைக் கரையிலும்தான். நல்ல நிலத்தைத் தேயிலை எடுத்துக்கொண்டது. எஞ்சியதை மனிதன் எடுத்துக்கொண்டான்.

மழையை முன்கூட்டிக் கணிப்பதில் செயற்கை நுண்ணறிவு பெரிய பாய்ச்சலைக் கண்டிருக்கிறது. 2023இல் கூகிள் டீப்மைண்ட் வெளியிட்ட கிராப்காஸ்ட் என்னும் மாதிரி, பத்து நாள் வானிலையை ஒரு நிமிடத்துக்குள் கணித்தது. அது எதைப் படித்துத் தேர்ந்தது? ஐரோப்பிய நாடுகள் கூட்டாக நடத்தும் வானிலை நிலையம் தொகுத்து எல்லோருக்கும் திறந்துவைத்த, ஏறக்குறைய நாற்பது ஆண்டுக் காலத் தரவை. பொதுக் கொழுந்தை எடுத்துத் தனியார் தொழிற்சாலை தேயிலை செய்த கதை இங்கும் உண்டு. அந்த மாதிரியின் ஒரு கட்டம் ஏறத்தாழ 28 கிலோமீற்றர் அகலமுடையது. அந்த ஒரு கட்டத்துக்குள் எட்டியாந்தோட்டையும் தெரணியகலையும் புளத்கொஹுபிட்டியாவும் ஒன்றாய்க் கரைந்துவிடும். மலையின் இந்தப் பக்கத்தில் கொட்டும் மழை அந்தப் பக்கத்தில் தூறுவதில்லை என்பதை நாம் அறிவோம். அந்தக் கட்டம் அறியாது. அதைச் சரிவு சரிவாகப் பிரித்துக் கணிக்க வேண்டுமானால், உள்ளூர் மழைக் கணக்கும், மண்ணின் ஆழமும், லயங்களின் இடமும் வேண்டும். அவற்றை வைத்து மறுபடி மறுபடி ஓட்டிப் பார்க்க இயந்திரமும் வேண்டும். எந்தத் தனியார் கம்பெனிக்கு இதில் இலாபம்? இலாபமில்லாத இந்தக் கணக்கைச் செய்யும் இடத்தில்தான் பொதுப் பணத்தின் அவசியம் தொடங்குகிறது.

இயந்திரம் வந்தால் போதும் என்பாருக்கு நெனசலவை நினைவூட்ட வேண்டும். அறிவுக் கூடம் என்று பொருள்படும் அந்த நிலையங்கள், கிராமப்புறத்துக்குக் கணினியும் இணையமும் கொண்டுசெல்ல 2005 முதல் நாடெங்கும் திறக்கப்பட்டன. 2014இல் அத்திட்டம் உலகப் பரிசும் பெற்றது. எத்தனையோ கிராமத்துப் பிள்ளைகள் அங்கேதான் முதன்முதல் விசைப்பலகையைத் தொட்டார்கள். அதை மறுப்பது நன்றிகெட்ட செயல். ஆனால் நிலையங்கள் பலவும் விகாரை வளவிலும் நகரத்துச் சந்தியிலும் அமைந்தன. பொழுது சாயும் வரை மலையில் நிற்கும் பெண்ணுக்கும், ஏழு மைல் நடந்து பள்ளிக்கூடம் போய்வரும் பிள்ளைக்கும் சந்தி எவ்வளவு தூரம் என்பதைத் திட்டம் வகுத்தவர் எண்ணிப் பார்த்தாரில்லை.

ஆகவே, கொழும்பில் நாளை ஒரு பொதுக் கணினிக் கூடம் அமைப்பதென்று தீர்மானித்தால், அதன் விண்ணப்பப் பத்திரம் எந்த மொழியில் இருக்கும் என்று கேட்பது சிறுபிள்ளைத்தனம் ஆகாது. எந்தக் கணக்கை முதலில் ஓட்டுவது என்று முடிவுசெய்யும் சபையில், கம்பெனிப் பிரதிநிதிக்கும் பேராசிரியருக்கும் அருகே தோட்டப் பாடசாலை ஆசிரியர் ஒருவருக்கும் தொழிற்சங்கத்தார் ஒருவருக்கும் நாற்காலி உண்டா? பொதுப் பணத்தில் பயிற்றுவித்த மாதிரி பொதுவுக்குத் திறந்திருக்குமா, அல்லது அதைச் செய்த நிறுவனம் மறுநாளே பூட்டிக்கொள்ளுமா? கொழுந்துக்கு 68, தொழிற்சாலைக்கு 32 என்று தராசை ஓரளவு நிமிர்த்திய நாடு இது. பேச்சையும் மழைக் கணக்கையும் கொடுத்தவருக்கு எத்தனை பங்கு என்று ஒரு கணக்கை எழுத நம்மவர்க்கு இயலாதா?

மண்சரிவு அபாயமுள்ள ஊர்களில், தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தார் சாதாரண மழைமானிகளைக் கொடுத்து மக்களையே கணக்கெடுக்கப் பழக்கி வருகிறார்கள். ஒரு நாளில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பாயிரு. 100 என்றால் புறப்பட ஆயத்தமாகு. 150 என்றால் வீட்டை விட்டு வெளியேறு. நல்ல, எளிய விதி. கேகாலை மாவட்டத் தோட்டப் பாடசாலை ஒன்றில் இந்த மூன்று எண்களையும் கரும்பலகையில் எழுதி விளக்கிக்கொண்டிருந்த ஆசிரிய நண்பரிடம் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து நின்று கேட்டாளாம்:

“சேர், எல்லா மலையும் ஒரே கணக்கிலயா சரியும்? எங்க லயத்துக்கு மேல இருக்கிற மலைக்கு எவ்வளவு?”

நண்பர் சுண்ணக்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு யன்னலுக்கு வெளியே அந்த மலையைப் பார்த்தபடி நின்றாராம்.